துயருற்ற சிறார்க்குப் பாட்டுரைத்தல்

தந்தையை இழந்த சிறுவன் ஒருவன், "அப்பா எப்பொழுது வருவார்?" என்று வினவுங்கால், சூழ நிற்கும் பெரியோர் கூறும் விடைகள் பெரும்பாலும் மூன்றனுள் அடங்கும். ஊருக்குப் போயிருக்கிறார் என்பது ஒன்று. உறங்குகிறார் என்பது ஒன்று. சாமி அழைத்துக்கொண்டார் என்பது மற்றொன்று. முதல் விடையைக் கேட்ட பிள்ளை வாயிற்படியை விட்டு அகலாது காத்திருக்கும். இரண்டாவதைக் கேட்ட பிள்ளை, தாய் கண்ணயரும் போதெல்லாம் அஞ்சி அவளை உலுக்கி எழுப்பும். மூன்றாவதைக் கேட்ட பிள்ளை திருக்கோயிலுக்கு வர மறுக்கும். அன்பினாற் கூறப்பட்டனவேயாயினும், இம்மூன்றும் பிள்ளையின் துயர் தீர்த்தற்கு எழுந்தன அல்ல, பிள்ளையின் வினாவினின்றும் பெரியோர் தாம் தப்புதற்கு எழுந்தனவே என்பது சிறிது நினைப்பார்க்கு விளங்கும்.

சைவ நன்மக்கள் இல்லங்களில் நான்காவது விடையொன்றும் வழங்குவதுண்டு. "எல்லாம் வினைப்பயன், யாக்கை நிலையாது, அழாதே" என்பது அது. சாத்திரத்தின் பெயராற் கூறப்படுதலின் அதுவே ஈண்டு ஆராயத் தக்கது. அவ்வுரை பொய்யன்று. ஆயினும், மெய்யாயின யாவும் எப்பொழுதும் எவர்க்கும் கூறத்தக்கனவோ என்பதே வினா. பத்து அகவை நிரம்பாத பிள்ளையிடம், தாயை எரியூட்டி வந்த மறுநாள், அதனைக் கூறுவது சைவமாகுமோ?

விடை தேடி நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறிய திருத்தொண்டர் புராணம், தாயையும் தந்தையையும் ஒருங்கிழந்த சிறார் இருவரின் வரலாற்றை விரித்துரைக்கின்றது. அவ்விருவரும் இக்காலத்துக் கடலூர் மாவட்டத்திலே, பண்ணுருட்டிக்கு அணித்தாகிய திருவாமூரிலே பிறந்தோர்.

புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளாராகத் திலகவதியாரும், அவர்க்குச் சில யாண்டு பின்னாக மருணீக்கியாரும் தோன்றினர். தம்பியார் கல்வி பயிலத் தொடங்கினார். தமக்கையார்க்கு அகவை பன்னிரண்டாயிற்று. வேந்தன்பாற் படைத்தலைமை பூண்ட கலிப்பகையார்க்கு அவரை மணம் பேசினர். மணம் நிகழுமுன் கலிப்பகையார் வடபுலத்துப் போர்மேற் சென்றார். அந்நிலையிற் புகழனார் நோயுற்று மாய்ந்தார். மாதினியாரும் கணவரோடு உடன் சென்றார். சுற்றத்தாரொடு கூடிச் சிறார் இருவரும் ஈமக்கடன் முடித்திருந்த காலை, கலிப்பகையாரும் களத்தில் உயிர்நீத்த செய்தி எட்டியது. பெற்றோர் தம்மைக் கொடுக்க இசைந்தவர் அவரே ஆதலின், தாமும் உயிர் துறப்பதெனத் திலகவதியார் துணிந்தார். தம்பியார் அவரடியில் வீழ்ந்து அழுதார். தாயும் தந்தையும் போன பின்னும் தாம் உயிர் தாங்கியிருப்பது தமக்கையாரை அவர்களாகக் கண்டு வணங்கலாம் என்பதனாலேயே என்றும், அவரும் தம்மைத் தனியே விட்டுச் செல்வாராயின் அவர்க்கு முன்னே தாம் உயிர் விடுவது உறுதி என்றும் கூறினார். தமக்கையார் நின்றார். தம்பி வாழவேண்டும் என்று எழுந்த இரக்கமே அவரை நிறுத்தியது. பொன்னணி பூணாது, எல்லா உயிர்க்கும் அருள் புரிந்து, மனையிலேயே தவம் இருந்தார்.

இவ்வரலாற்றில் நுனித்து நோக்கற்பாலன சில உள. சிறார் இருவரும் பெற்றோரின் ஈமக்கடனில் உடனிருந்தனர். பிள்ளைகள் காணலாகாது என்று அவரை அயல்மனைக்கு அனுப்பும் வழக்கம் இக்காலத்துப் பெருகியுள்ளது. திரும்பி வரும் பிள்ளை காண்பது வெறும் கட்டிலும், புதிதாக மாலையிட்ட படமுமே. இடையில் நிகழ்ந்தது என்னவென்று அதற்கு ஒருவரும் சொல்வதில்லை. சேக்கிழார் பெருமான் அங்ஙனம் மறைத்திலர். இறப்பை இறப்பென்றே கூறி, அதன்கண் சிறாரையும் நிறுத்தினார்.

மற்றொன்று, அச்சிறுவர்மீது எவரும் பழி சுமத்தவில்லை. தமிழ்நாட்டு வீதிகளில், தந்தை இறந்த பின் பிறந்த மகவைத் "தகப்பனை விழுங்கிய பிள்ளை" என்றும், மணம் பேசிய மணமகன் இறப்பின் அப்பெண்ணை "ராசியில்லாதவள்" என்றும் கூசாது கூறுவோர் இன்றும் உளர். திலகவதியார்க்கும் மருணீக்கியார்க்கும் இச்சொல் இரண்டும் பொருந்துவனவாகவே நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வந்தன. எனினும் புராணத்தில் அதற்கு இடம் ஓரெழுத்தளவும் இல்லை. அவ்விருவரும் அறுபத்துமூவர் வரலாற்றில் வணங்கப்படுவோராயினர். ஊர்ப்பெண்டிர் வாயிற் பிறக்கும் கொடுஞ்சொல்லுக்குச் சைவத்தில் இடமின்மைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, மருணீக்கியார் தமக்கையாரிடம் கூறிய சொற்களை நோக்குக. அவை தத்துவம் அல்ல. உயிர் நித்தியம், உடல் அநித்தியம் என்று அவர் கூறிற்றிலர். நீ இல்லையேல் யானும் இல்லை என்பதே அவர் கூறியது. அச்சொல்லே ஓர் உயிரைக் காத்தது. பிற்காலத்திற் சைவம் தழைத்ததற்கெல்லாம் வித்து, அழுத கண்ணோடு ஒரு சிறுவன் கூறிய அவ்வொரு சொல்லேயாம்.

அவர்க்கு நிலையாமை தெரியாதோ எனின், தெரிந்தது. அதுவே ஈண்டுக் கருதத்தக்க பெரும்பொருள். வளர்ந்த பின் மருணீக்கியார் உலகியல்பின் நிலையாமையை நன்குணர்ந்து, தண்ணீர்ப் பந்தர், சோலை, குளம், விருந்தோம்பல் முதலிய அறங்களிற் பெற்றோர் தேடிய பொருளைச் செலவிட்டார். அதன் பின்னும் உள்ளம் அமையவில்லை. எச்சமயம் மெய்ச்சமயம் எனத் தேடி, அமண் சமயம் புக்குப் பாடலிபுரத்தை அடைந்து, அங்குக் கற்று, தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்றார். அறிவுக்கு வேண்டியவற்றை அங்கே அவர் நிரம்பப் பெற்றார் என்பதில் ஐயமில்லை. அமணரை இகழ்தற்கு இது கூறப்பட்டதன்று. நிலையாமையை அறிதல் என்னும் ஒன்றே துயருற்ற நெஞ்சிற்கு இருப்பிடம் ஆகாது என்பது காட்டுதற்கே கூறப்பட்டது. சூலைநோய் பற்றிய இரவில் அவர் தேடி வந்தது கற்ற நூல்களையன்று. திருவதிகையில் கெடிலக் கரையிலே திருவலகும் திருமெழுக்கும் இட்டு வாழ்ந்த தமக்கையாரையே.

அற்றேல், நிலையாமையை விரித்த சான்றோர் யாவரும் பிழைத்தனரோ எனின், அஃதன்று. நாலடியார் செல்வமும் இளமையும் யாக்கையும் நிலையாமையைத் தொடக்கத்திலேயே கூறுகின்றது; திருக்குறள் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தது; திருமந்திரம் முதல் தந்திரத்திலேயே அதனைப் பேசுகின்றது. அவை யாரை நோக்கி எழுந்தன என்பதே அறியத்தக்கது. உடையாரை நோக்கி எழுந்தன. செல்வமும் இளமையும் சுற்றமும் நிரம்பி, அவை என்றும் நிற்கும் என மயங்கியிருப்பாரை எழுப்புதற்கு அவை முரசு. தாயை இழந்த பிள்ளைக்கு அம்முரசு எதற்கு? அது முன்னரே விழித்திருக்கின்றது, இரவெல்லாம் விழித்திருக்கின்றது.

வினைப்பயன் என்னும் சொல் இன்னும் எச்சரிக்கையோடு ஆளத்தக்கது. அதனைக் கேட்கும் பிள்ளை, சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்னும் பாகுபாட்டை அறியாது. சென்ற வாரம் தான் தாயிடம் அடம் பிடித்ததனையும், தந்தையின் சட்டைப் பையினின்றும் காசு எடுத்ததனையும் நினைத்து, அதனாலேதான் அவர் இறந்தார் என்று தனக்குள்ளே முடிவு செய்துகொள்ளும், ஒருவரிடமும் சொல்லாது. சாத்திரம் அங்ஙனம் கூறிற்றோ எனின், இல்லை. ஒருவர் செய்வினை அவரையே சாரும். தந்தையின் வாழ்நாள் தந்தையின் நுகர்வினை அளவாக அமைந்தது. மகனது வினை தந்தையின் உயிரைக் கொண்டது என்பது சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று. பிரிவுத் துயரை மகன் நுகர்தலும் அவன் வினையின் வழியதன்றோ எனக் கற்றோர் கடாவலாம். அஃதுண்மை. ஆயினும் வினை சடம். தானே வந்து பொருந்தாது. அதனைக் கூட்டுவிப்பான் அருளே வடிவாகிய இறைவன். கூட்டுவிப்பதும் உயிரின் நலம் கருதியே. அவ்வருளை மறைத்து வினையை மட்டும் எடுத்துரைப்போர் சித்தாந்தத்திற் பாதியைக் கூறினோராவர். அழுவாரைக் கண்டு, "உன் வினை" என்று கூறி அகல்வாரோ, தமக்கென ஆகாமியம் ஒன்றை அப்பொழுதே ஈட்டிக்கொண்டு அகல்கின்றனர்.

அங்ஙனமாயிற் பிள்ளையிடம் கூறத்தக்கது யாது? முதற்கண், அப்பா இறந்துவிட்டார் என்பதனை அச்சொல்லாலேயே கூறுதல் வேண்டும். அதன் பின்னர் நேரே அதன் துயரைப் பற்றி வினவுதல் பயன்படாது. "உனக்கு வருத்தமாக இருக்கிறதா?" என்னும் வினாவிற்குப் பிள்ளை தலையை அசைத்துவிட்டு ஓடிவிடும். இவ்விடத்தேதான் பாட்டு வேண்டப்படுகின்றது. பாட்டு மூன்றாமவர் ஒருவரைப் பற்றியது. திலகவதியார் அப்பொழுது என்ன செய்தார், தம்பி ஏன் காலில் விழுந்தான், தமக்கை போயிருந்தால் அவன் எங்கே உண்டு எங்கே உறங்கியிருப்பான் என்று வினவினால், பிள்ளை விடை கூறும். திருவாமூர்ச் சிறுவனைப் பற்றிக் கூறுவதாகவே தன்னைப் பற்றியும் கூறும். கேட்பவர் அதனைச் சுட்டிக்காட்டாது கேட்டிருத்தல் வேண்டும். "ஓ, நீ உன்னைத்தானே சொல்கிறாய்!" என்று ஒருமுறை கூறிவிட்டால், அக்கதவு நெடுநாள் அடைபட்டுவிடும்.

உரைநடையே அமையாதோ எனின், கதை தெரிதற்கு அமையும். ஆறுமுக நாவலர் 1852-இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டமையாலேயே, செய்யுட்பயிற்சி இல்லா இல்லங்களிலும் நாயன்மார் வரலாறு புகுந்தது. 1864-இல் அவர் சிதம்பரத்தில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் சிறாரை எண்ணியே எழுந்தது. அப்பெரியார் வாழ்விலேயே ஈண்டைக்கு ஏற்ற நிகழ்ச்சியொன்று உண்டு. தந்தையார் கந்தர் தமிழ் நாடகமொன்று இயற்றிக்கொண்டிருக்கையில், 1831-இல் திடுமென மறைந்தார். ஒன்பது அகவையினராகிய ஆறுமுகம் அந்நாடகத்தைத் தாமே பாடி முடித்தார். நாவன்மைக்குச் சான்றாக இதனை எடுத்துரைப்பதே வழக்கம். தந்தை எழுத்தாணியை வைத்த இடத்திலிருந்து மகன் தொடங்கினான் என்பதனைச் சிறிது நின்று நினைப்பார்க்கு, அங்கே நாவன்மையினும் பெரிதாகிய ஒன்று தோன்றும். அச்சிறுவற்குத் தந்தையோடு பேச வேறு வழியாது? தந்தை தொடங்கிய அடியை ஓதி, அடுத்த அடியைத் தான் கூறுதலே வழி.

பாட்டு நெஞ்சில் நிற்கும், வசனம் நிற்பதில்லை. மடத்துக் கல்வியில் மூலத்தை முதலில் நெட்டுருச் செய்வித்துப் பொருளைப் பின்னரே கூறுவர். பொருளறியாது ஓதுவது வீண் என்று அதனை எள்ளுவோர் உளர். ஏனைக் கல்விக்கு அவர் கூற்று ஒக்கும் எனினும், துயர்க்கு அது பொருந்தாது. எட்டு அகவையில் வாய்க்குள் இட்ட பாட்டு, பதினெட்டிலோ முப்பதிலோ ஒரு நாள் தானே திறக்கும். அப்பொழுது கற்பித்தவர் உடனிருத்தல் வேண்டுவதில்லை. ஆகலின் ஒரே நாளில் முழுப் பொருளையும் விளக்க முயல்வது அவசரமேயாம். பிள்ளை எவ்விடத்தில் நிறுத்துகின்றதோ, அன்றைக்குப் பாடம் அவ்விடத்தோடு நிற்க.

முதற்பாட்டு திருமுறையாகத்தான் இருத்தல் வேண்டும் என்னும் யாப்புறவும் இல்லை. பாரியின் மகளிர் பாடிய ஐந்தடிப் பாட்டு ஒன்று புறநானூற்றில் உளது. 1894-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த நூல் அது. சென்ற நிறைமதி இரவில் இருந்த தந்தையும் மலையும் இந்த நிறைமதி இரவில் இல்லை என்பதற்குமேல் அதிற் பொருள் ஒன்றும் இல்லை. தேற்றுரை இல்லை; அறிவுரை இல்லை; இறைவன் பெயரும் இல்லை. இரண்டு நிலாக்களை அருகருகே வைத்துவிட்டு அது முடிந்துவிடுகின்றது. கபிலர் அழைத்துச் சென்ற அம்மகளிர் வரலாறு திருக்கோவலூரோடு தொடர்புடையது. அவ்வூர்ப் பெண்ணையாறே கடலூரின் வடபால் கடலொடு கலக்கின்றது.

அக்கடல் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் கரையேறி வந்தது. தில்லையில் மார்கழித் திருவாதிரை விழாக் காலம் அது. அன்று நிறைமதி நாளும் ஆம். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், சாமியார்பேட்டை, கிள்ளை என்னும் கரையோர ஊர்களெல்லாம் அலைவாய்ப்பட்டன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெற்றோரை இழந்த சிறார்க்கு அரசு கடலூரில் காப்பகம் அமைத்தது. அடுத்த நிறைமதி 2005 சனவரி 25-ஆம் நாள், தைப்பூசத்தன்று எழுந்தது. அதே மணலில் நின்று அந்த நிலவைக் கண்ட சிறார்க்குப் பாரிமகளிர் பாட்டிற்கு உரை வேண்டுமோ?

அன்னோர் இன்று வளர்ந்துவிட்டனர். ஆயின் அவர் போன்ற பிள்ளைகள் எல்லாக் காலத்தும் உளர். அவரிடமிருந்து எழக்கூடிய வினாவொன்றும் அக்கரையிலேயே கிடக்கின்றது. கடலூரிற் பிறந்த சைவப்பிள்ளை எதுவும், கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்ட நாவுக்கரசர் திருவைந்தெழுத்தை ஓதி, அக்கல்லே தெப்பமாகக் கரை சேர்ந்த வரலாற்றைக் கேளாது வளர்வதில்லை. "அவரைக் கரையேற்றிய சாமி என் அம்மாவை ஏன் கரையேற்றவில்லை?" என்று அது கேட்கும். "அங்ஙனம் கேட்கலாகாது" என்று வாயடைப்பது பெரியோரின் அச்சமேயன்றிப் பத்தியன்று. அவர் பெரிய அடியார், நின் தாய் அங்ஙனமல்லள் என்று குறிப்பாகவேனும் உணர்த்துவதோ கொடுமை. மிதந்தவரே மேம்பட்டவர் என்று புராணம் யாண்டும் கூறவில்லை. நாவுக்கரசரை மிதப்பித்த அதே பெருமான், நாவுக்கரசரின் தாயையும் தந்தையையும் திருப்பித் தந்திலன். பிள்ளைக்கு இதனைச் சொல்லலாம். "அவருக்கும் திரும்பி வரவில்லை" என்னும் அச்சொல், விடையாகாது எனினும் துணையாகும்.

இதனாலேயே, துயர் புதிதாயிருக்குங்கால் எவ்வரலாற்றை முதலில் எடுப்பது என்பதிற் கருத்து வேண்டும். திங்களூரில் அப்பூதியடிகளின் மைந்தன் அரவு தீண்டி மாய்ந்து, நாவுக்கரசர் பதிகத்தால் எழுந்ததும், மயிலையிற் பூம்பாவை எலும்பினின்றும் எழுந்ததும் பெருஞ்சிறப்புடையன. ஆயினும் முதற்பாடத்திற்கு ஆகா. அவற்றைக் கேட்ட பிள்ளை, "நாமும் பாடலாமா?" என்று கேட்கும்; பாடும்; பாடிவிட்டு வாயிலை நோக்கும். அவ்வேமாற்றத்திற்குப் பொறுப்பு கதை கூறியவரையே சாரும். அவை ஓராண்டு கழித்து வரலாம்.

அதற்கு முன்னர் ஓதத்தக்கன சுந்தரமூர்த்தி சுவாமிகள் கண்ணிழந்த காலத்துப் பாடிய பதிகங்கள். அவரும் திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரினர். இறைவனை நோக்கி அவர் முறையிட்டதும், நொந்ததும், ஏசியதும் திருமுறையாகவே போற்றி ஓதப்படுகின்றன. சாமிமேல் சினம் கொண்ட பிள்ளைக்கு, சினத்தோடும் அவர் முன் நிற்கலாம் என்பதனை இதனினும் தெளிவாக உணர்த்துவது எது? கோயிலுக்கு வாராத பிள்ளை இதனாலேயே ஒரு நாள் வரக்கூடும். வாராதொழியினும் சிலகாலம் பொறுத்திருத்தலே தக்கது.

அழித்தலாவது பிறந்திறந்து இளைத்த உயிர்க்கு இறைவன் அளிக்கும் ஓய்வு என்று, கடலூர்ப் பகுதித் திருத்துறையூரில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியர் வழிவந்தோர் கூறும் நுண்பொருள் இவற்றுக்கெல்லாம் பிற்பட்டது. பிள்ளை வளர்ந்து தானே வினவும் நாளில் அதனைக் கூறலாம். வினவுமுன் கூறின், அதுவும் "உறங்குகிறார்" என்னும் பழைய விடையாகவே அதன் செவியில் விழும்.

பாடலிபுரம் என்பது திருப்பாதிரிப்புலியூரே என்பர். கடலூர்ப் புதுநகருள் இன்று அமைந்த தலம் அது. பெற்றோரை இழந்து தேடி வந்த மருணீக்கியார் தருமசேனராய்த் தங்கியிருந்த ஊரும், நெடுநாட் கழித்துக் கல்லின்மேல் மிதந்து வந்து நாவுக்கரசராய்க் கரையேறிய ஊரும் ஒன்றே. கரையேறியவுடன் அங்கே அவர் அருளிய பதிகம் நான்காம் திருமுறையில் உளது. அதன் தொடக்கத்தில் இறைவனை அவர் சடையாலோ மதியாலோ நஞ்சுண்ட கண்டத்தாலோ அழைத்திலர். ஈன்ற தாயாக அழைக்கின்றார், பின்னர்த் தந்தையாக, பின்னர் உடன்பிறந்தாராக. திருவாமூரிலே ஒரு வீட்டில் அச்சிறுவனோடு இருந்தோர் அம்மூவரே. அவ்வூர்த் திருக்கோயிலிற் பிள்ளையை அருகிருத்தி அப்பதிகத்தை ஓதத் தொடங்குவோர், அவ்விடத்திற் சற்றே நிறுத்தி, அவர் யார் யாரை எண்ணுகின்றார் என்று அதனையே விரல்விட்டு எண்ணச் சொல்லலாம்.